மருந்தை ஆங்கிலத்தில் ‘சாப்பிடலாமா’? உடல்நல ஆலோசனை சொல்லப் பழக்கும் பாடம்



சென்ற பாடத்தில் கடையில் விலை கேட்பதையும் வழி விசாரிப்பதையும் வார இறுதி ஆங்கில வகுப்பில் எப்படி நடத்தலாம் என்று பார்த்தோம். இந்த முறை, உடம்புக்கு முடியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஆலோசனை சொல்வது. கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நம் அண்ணன்மார், அக்காமார்களுக்காக எழுதுகிறேன். மாணவர்கள் நேரே படித்தாலும் புரியும்.

பாடநூல்களில் இது ஒரு சின்னப் பகுதி. இடது பக்கம் கன்னத்தில் கை வைத்த ஒருவர் படம். வலது பக்கம் ‘யூ ஷுட் ஸீ அ டென்டிஸ்ட்’ என்ற வாக்கியம். கோடு போட்டு இணைத்தால் பயிற்சி முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு அது போதாது. நம் வீடுகள் பலவற்றில் பாட்டியை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது படிவம் 3, படிவம் 4 படிக்கும் பேரப்பிள்ளைதான். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வார். தோட்டத்திலேயே காலம் கழித்த பாட்டிக்குத் தமிழ்தான் முழுசாக விளங்கும். நடுவில் நிற்கும் அந்தப் பிள்ளையின் வாயில் என்ன வருகிறதோ, அதுதான் பாட்டி வீட்டுக்குப் போய்ச் செய்யப்போவது. ‘மஸ்ட்’டுக்கும் ‘ஷுட்’டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண். கிளினிக்கில் அது ஒரு மாத்திரை.

இன்னொரு காரணம் தைப்பூசம். பத்துமலையின் 272 படிகளில் ஏறி இறங்கும் கூட்டத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் நம் பிள்ளைகளிடம்தான் அவர்கள் வந்து ‘தலை சுத்துது’ என்பார்கள், அவர்கள் மொழியில்.

முதலில் வலியைச் சொல்லட்டும்

ஆலோசனை சொல்லும் முன் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். காரணம் ஆங்கிலம் தெரியாதது மட்டும் இல்லை. தமிழ் வாக்கியத்தை அப்படியே எடுத்து வைப்பது.

‘கால் வலிக்குது’ என்கிறோம். வலிப்பது வினைச்சொல். அதனால் ‘மை லெக் இஸ் பெய்னிங்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வலிக்கு அந்த வேலையைச் செய்கிற வினை ‘ஹர்ட்’. ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்றால் போதும். அல்லது பெயர்ச்சொல்லாக வைத்து ‘ஐ ஹேவ் அ பெய்ன் இன் மை லெக்’. முழங்கால் வலியைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சிரிப்பு நிச்சயம்: ‘மை நீ ஹர்ட்ஸ்’ என்றதும் பின்வரிசையில் யாராவது ‘நீயா, நானா?’ என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்தச் சொல் இனி மறக்காது.

‘ஏக்’ என்று முடியும் சொற்கள் அதிகம் இல்லை. ஹெட்ஏக், ஸ்டமக்ஏக், டூத்ஏக், பேக்ஏக், இயர்ஏக் ஆகிய ஐந்தும் தெரிந்தால் போதும். ‘லெக்ஏக்’, ‘ஹேண்ட்ஏக்’ என்று பிள்ளைகளே புதுச்சொல் படைப்பார்கள். அங்கே ‘ஹர்ட்ஸ்’ பக்கம் திருப்பிவிடுங்கள். எழுத்தைப் பார்த்து ‘ஏச்’ என்று படிப்பவர்களையும் அப்போதே திருத்திவிடலாம். தொண்டை வலிக்கு மட்டும் தனிச்சொல்: ‘ஸோர் த்ரோட்’.

அடுத்து, தலைப்பில் கேட்ட கேள்வி. நாம் மருந்து சாப்பிடுகிறோம். மலாய்க்காரர்களும் ‘மக்கான் ஊபாட்’ என்று சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஆகவே இந்த நாட்டில் ‘ஈட் மெடிசின்’ என்றால் எல்லாருக்கும் புரியும், யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் மருந்தை ‘எடுப்பது’தான் முறை: ‘டேக் மெடிசின்’. மாத்திரையானாலும் தண்ணீர் மருந்தானாலும் ‘டேக்’ தான். பழக்கத்தைக் கேலி செய்ய வேண்டாம். வீட்டிலும் மாமாக் கடையிலும் ஒரு விதம், எழுத்திலும் நேர்முகத் தேர்விலும் ஒரு விதம் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தாமே மாற்றிக்கொள்வார்கள்.

‘ஹீட்டி’, ‘கூலிங்’ என்ற சொற்களும் அப்படித்தான். டுரியான் சூடு, இளநீர் குளிர்ச்சி என்பதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கு அது பிடிபடாது. அவரிடம் சூட்டைப் பற்றிப் பேசாமல் அதன் அறிகுறியைச் சொல்ல வேண்டும்: வாய்ப்புண்ணா, ‘மவுத் அல்ஸர்’, தொண்டை கரகரப்பா, ‘ஸோர் த்ரோட்’. ‘காத்து பூந்துருச்சு’ என்பதற்கும் இதே வழிதான். வயிறு உப்பியிருந்தால் ‘ஐ ஃபீல் ப்ளோட்டட்’.

இதுவரை சொன்னதில் தப்பு நேர்ந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. இனி வரும் இரண்டு சொற்களில் அப்படி விட முடியாது. ஒன்று ‘மயக்கம்’. ‘மயக்கமா இருக்கு’ என்று பாட்டி சொன்னால் தலை சுற்றுகிறது என்று பொருள்: ‘ஷீ ஃபீல்ஸ் டிஸ்ஸி’. ‘மயங்கிட்டாங்க’ என்றால் நினைவு தப்பிவிட்டது: ‘ஷீ ஃபெய்ன்ட்டட்’. மாத்திரை போட்டதும் கண்ணைச் சொருகுவதையும் சில பெரியவர்கள் மயக்கம் என்பார்கள்: ‘ஷீ ஃபீல்ஸ் ட்ரௌஸி’. மூன்றும் டாக்டருக்கு மூன்று வேறு செய்திகள். மொழிபெயர்க்கும் பிள்ளை திருப்பிக் கேட்க வேண்டும்: ‘பாட்டி, தலை சுத்துச்சா, இல்ல நெனவே இல்லாம விழுந்துட்டீங்களா?’

இன்னொன்று நெஞ்சு. ‘நெஞ்சு எரியுது’ என்பது ஆங்கிலத்தில் ‘ஹார்ட்பர்ன்’. பெயரில் இதயம் இருக்கிறதே தவிர, வயிற்று அமிலம் மேலேறி வருவதால் ஏற்படும் எரிச்சல் அது. ‘நெஞ்சு அடைக்குது’, ‘நெஞ்சை அழுத்துது’ என்பது ‘டைட்னஸ் இன் த செஸ்ட்’. இதைக் கேட்டால் ஆலோசனைக்கே இடமில்லை, ஆம்புலன்ஸ்தான். எரிச்சலா, அழுத்தமா என்று நிச்சயமாகத் தெரியாதபோதும் அதே முடிவுதான். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. இந்த எண்களையும் ‘நைன் நைன் நைன்’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

‘வேண்டும்’ என்ற ஒரு சொல்

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். பிள்ளைகளிடம் ‘யூ ஷுட் டிரிங்க் வாட்டர்’ என்பதைத் தமிழாக்கச் சொல்லுங்கள். ‘நீ தண்ணி குடிக்கணும்’ என்பார்கள். ‘யூ மஸ்ட் டிரிங்க் வாட்டர்’? ‘நீ தண்ணி குடிக்கணும்.’ ‘யூ நீட் டு டிரிங்க் வாட்டர்’? மறுபடியும் அதேதான். பிள்ளைகள் மேல் தவறில்லை. நம் ‘வேண்டும்’ அத்தனை வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்கிறது. ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்கிற ஆசைக்கும் அதே சொல்தான்.

அதற்காகத் தமிழில் அந்த வித்தியாசம் கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிறது, சொல்லின் வாலில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்வதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று கேட்டால் வகுப்பே கலகலக்கும்.

‘தண்ணி குடிக்கலாமே’: ‘யூ குட் டிரிங்க் சம் வாட்டர்’.
‘தண்ணி குடிச்சுப் பாருங்களேன்’: ‘வொய் டோன்ட் யூ ட்ரை டிரிங்க்கிங் சம் வாட்டர்?’
‘தண்ணி குடிக்கிறது நல்லது’: ‘யூ ஷுட் டிரிங்க் சம் வாட்டர்’.
‘நானா இருந்தா தண்ணி குடிப்பேன்’: ‘இஃப் ஐ வேர் யூ, ஐட் டிரிங்க் சம் வாட்டர்’.
‘தண்ணி குடிச்சிடு, இல்லன்னா பாரு!’: ‘யூட் பெட்டர் டிரிங்க் சம் வாட்டர்’.
‘தண்ணி குடிச்சே ஆகணும்’: ‘யூ மஸ்ட் டிரிங்க் வாட்டர்’.

‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் ‘ஐ’க்குப் பிறகு ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வருவதைப் பிள்ளைகள் கேட்பார்கள். நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து பேசும்போது அப்படி வரும் என்று சொன்னால் போதும். நான் நீயாக முடியாது அல்லவா? இலக்கணப் பெயரெல்லாம் இந்த வயதில் வேண்டியதில்லை.

‘யூட் பெட்டர்’ பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே ‘யூ பெட்டர் கோ ஸீ டாக்டர் லா’ என்பது அன்பான பேச்சு. வெளியூர்க்காரர் காதில் அது ‘போகாவிட்டால் விபரீதம்’ என்ற மிரட்டல் தொனியோடு விழலாம். தம்பி தங்கையிடம் சொல்லலாம். பெரியவரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் வேண்டாம். ‘ஆட் டு’ என்ற இன்னொன்றும் பாடநூலில் இருக்கும். படித்தால் புரிந்தால் சரி. பேசப் பழக்க நேரம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

மரியாதை விஷயமும் இங்கேதான் வருகிறது. தமிழில் ‘குடிங்க’ என்று ஒரு ‘ங்க’ சேர்த்தால் கட்டளை மரியாதையாகிவிடும். ஆங்கிலத்தில் ‘ங்க’ கிடையாது. அதனால் நம் பிள்ளை மனசுக்குள் ‘உக்காருங்க ஆண்ட்டி’ என்று பணிவாக நினைத்து, வாயில் ‘சிட் டவுன்!’ என்று சொல்லும்போது, கேட்பவருக்குப் போலீஸ்காரர் சொன்ன மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் ‘ங்க’வின் வேலையைச் செய்வது ‘வொய் டோன்ட் யூ’, ‘மேபி யூ ஷுட்’, ‘வுட் யூ லைக் டு’ போன்ற தொடக்கங்கள். இதை ஒரு தடவை புரியவைத்தால், மரியாதை தெரிந்த பிள்ளைகள் தாமாகவே அவற்றைத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள்.

சில சின்னத் திருத்தங்களைப் போகிற போக்கில் செய்துவிடலாம். ‘ஷுட்’டுக்குப் பிறகு ‘டு’ வராது. ‘யூ ஷுட் டு கோ’ தவறு. ‘ஐ சஜஸ்ட் யூ டு கோ’ என்பதும் தவறு. ‘ஐ சஜஸ்ட் யூ கோ’ சரி. ஆனால் ‘ஐ அட்வைஸ் யூ டு கோ’ சரி. ஆங்கிலம் அப்படித்தான், காரணம் கேட்டால் நேரம் போகும். ‘அட்வைஸ்’ பெயராக வந்தால் கடைசி ஒலி பாம்பு சீறுவது போல, வினையாக வந்தால் தேனீ ரீங்கரிப்பது போல. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் காதால்தான் பழக்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை இல்லை. எத்தனை அறிவுரை சொன்னாலும் ‘சம் அட்வைஸ்’ தான்.

கூடாது, வேண்டாம், தேவையில்லை

‘மஸ்ட்ன்ட்’ என்பதற்கும் ‘டோன்ட் ஹேவ் டு’ என்பதற்கும் பிள்ளைகள் ‘வேண்டாம்’ என்ற ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். இதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள்.

டாக்டர் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்து, ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் இஃப் தேர் இஸ் நோ பெய்ன்’ என்கிறார். வலி இல்லையென்றால் போடத் தேவையில்லை. இன்னொரு மாத்திரையைக் காட்டி, ‘யூ மஸ்ட்ன்ட் டேக் திஸ் ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்’ என்கிறார். வெறும் வயிற்றில் போடவே கூடாது. பிள்ளை இரண்டுக்கும் ‘போட வேணாம் பாட்டி’ என்று சொன்னால், பாட்டிக்கு இரண்டும் அவரவர் விருப்பம் மாதிரிதான் கேட்கும். முதலாவதற்குத் ‘தேவையில்லை’, இரண்டாவதற்குக் ‘கூடாது’. இந்த இரண்டையும் தமிழில் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தானாகப் பிடிபடும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் கெட்டுவிடும் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. இந்தப் பாடத்தைத் தமிழ் இல்லாமல் நடத்தவே முடியாது.

அளவும் அப்படித்தான். ‘ஒன் டேப்லெட், த்ரீ டைம்ஸ் அ டே’ என்பதைத் தலைகீழாக்கினால் மூன்று மாத்திரை ஒரே வேளையில் உள்ளே போகும். ‘எவ்ரி எய்ட் அவர்ஸ்’ என்றால் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு மூன்று வேளை. எண்களைக் கரும்பலகையில் எழுதி, வேகமாகச் சொல்லி, விரலால் காட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு.

கிளினிக்கில் பாட்டியோடு

கீழே உள்ள உரையாடலை மூன்று பேர் நடிக்க வேண்டும். நடுவில் இருப்பவர்தான் கதாநாயகி.

டாக்டர்: ‘ஹவ் லாங் ஹேஸ் ஷீ ஹேட் திஸ் காஃப்?’
பேத்தி: ‘பாட்டி, எத்தனை நாளா இருமுறீங்க?’
பாட்டி: ‘தீபாவளிக்கு முன்னாலருந்தே இருக்கும்மா. ராத்திரியில்தான் ஜாஸ்தி.’
பேத்தி: ‘சின்ஸ் பிஃபோர் தீபாவளி, டாக்டர். மோர் தேன் த்ரீ வீக்ஸ். இட்ஸ் வெர்ஸ் அட் நைட்.’
டாக்டர்: ‘ஹேஸ் ஷீ டேக்கன் எனிதிங் ஃபார் இட்?’
பேத்தி: ‘இருமலுக்கு ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க.’
பாட்டி: ‘பக்கத்து வீட்டுக்காரம்மா குடுத்த மாத்திரைய ரெண்டு நாள் போட்டேன். அத சொல்லாத, ஏசுவாங்க.’
பேத்தி: ‘சொல்லித்தான் ஆகணும் பாட்டி. டாக்டர், ஷீ டுக் அ நெய்பர்ஸ் டேப்லெட்ஸ் ஃபார் டூ டேஸ். வீ டோன்ட் நோ வாட் தே ஆர்.’
டாக்டர்: ‘ஷீ மஸ்ட்ன்ட் டேக் அதர் பீப்பிள்ஸ் மெடிசின். ஷீ ஷுட் டிரிங்க் வார்ம் வாட்டர். அண்ட் ஷீ ஹேஸ் டு ஹேவ் அன் எக்ஸ்ரே டுடே.’
பேத்தி: ‘பாட்டி, அடுத்தவங்க மாத்திரைய தொடவே கூடாதாம். வெதுவெதுன்னு தண்ணி குடிச்சா நல்லதாம். எக்ஸ்ரே இன்னைக்கே எடுத்தாகணுமாம்.’

கடைசி வரியைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். ‘கூடாதாம்’, ‘நல்லதாம்’, ‘எடுத்தாகணுமாம்’. ‘மஸ்ட்ன்ட்’, ‘ஷுட்’, ‘ஹேஸ் டு’ ஆகிய மூன்றும் தன் தன் கனத்தோடு வந்திருக்கின்றன. அதோடு அந்த ‘ஆம்’. இது என் பேச்சில்லை, டாக்டர் பேச்சு என்று ஓர் எழுத்தில் சொல்லிவிடுகிறது தமிழ். ஆங்கிலத்தில் இதற்கு ‘த டாக்டர் ஸேஸ்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை சொன்னால் தட்டிவிடும் பாட்டி, ‘டாக்டர் சொல்றாங்க’ என்றால் கேட்பார்.

பேத்தி சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை, பாட்டி மறைக்கச் சொன்னதை மறைக்கவும் இல்லை என்பதை மாணவர்களிடம் கேள்வியாகக் கேளுங்கள். பாட்டி கோபித்துக்கொள்வாரே, என்ன செய்யலாம்? நல்ல விவாதம் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்வது வழக்கம் என்பதையும், மாத்திரையை மறைத்தால் டாக்டர் தவறான முடிவுக்கு வரலாம் என்பதையும் அப்போது சொல்லலாம்.

‘ஹவ் மெனி டேஸ் யூ கோட் ஃபீவர்?’ என்று நம் பிள்ளைகள் கேட்பதை ‘ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் த ஃபீவர்?’ என்று மாற்றுவதற்கும் இந்த உரையாடலே போதும். தொடங்கிய நாளைச் சொன்னால் ‘சின்ஸ்’, எத்தனை நாள் என்று சொன்னால் ‘ஃபார்’.

ஆலோசனை சரியாகவும் இருக்க வேண்டும்

ஆங்கிலம் சுத்தமாக இருந்து ஆலோசனை தவறாக இருந்தால் என்ன பயன்? பயிற்சி அட்டைகளில் கண்டதை எழுதாதீர்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். அது தவறு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். ‘யூ ஷுட் லீன் ஃபார்வர்ட் அண்ட் பிஞ்ச் யுவர் நோஸ்’: முன்னால் சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தீப்புண்ணுக்குப் பற்பசையும் சோயா சாஸும் தடவுவது இன்னொன்று. ‘யூ ஷுட் ஹோல்ட் இட் அண்டர் கூல் ரன்னிங் வாட்டர் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்’. குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். இது ‘கூடாது’ வகை.

டெங்கியை விட்டுவிடவே முடியாது. காய்ச்சல் என்றால் ‘டேக் பானடோல்’ என்பது எல்லாருக்கும் தெரியும். டெங்கி சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்னும் முக்கியமானது, காய்ச்சல் விட்டதும் ‘சரியாயிடுச்சு’ என்று விளையாடப் போவது. டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அதிகச் சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ‘ஷுட்’ போதாது: ‘யூ மஸ்ட் கோ டு த ஹாஸ்பிட்டல் நவ்’.

சளிக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கச் சொல்லும் அட்டையைக் கண்டால் கிழித்துப் போடுங்கள். சாதாரணச் சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக் அதற்கு வேலை செய்யாது.

நீரிழிவும் நம் வீட்டு நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகத் தெரிந்தது. விரதம் இருக்கும் ஆண்ட்டிக்குச் சொல்ல ஒரு வாக்கியம்: ‘மேபி யூ ஷுட் டாக் டு யுவர் டாக்டர் பிஃபோர் யூ ஃபாஸ்ட்’. விரதத்தை விடச் சொல்வது நம் வேலையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்து, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், நினைவோடு இருக்கும்வரை இனிப்பான பானம் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தற்காப்பு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்: ‘ஐம் நாட் அ டாக்டர், பட் ஐ திங்க் யூ ஷுட் ஸீ ஒன்’.

தண்ணீர்ப் பந்தலில்

இந்த உரையாடலை நின்றபடி, சத்தத்துக்கு நடுவில் பேசிப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் உறுமி மேளத்தை ஓடவிடுங்கள். அமைதியான வகுப்பில் பேசியதெல்லாம் பத்துமலை அடிவாரத்தில் காதில் விழாது.

‘ஆர் யூ ஓகே? யூ லுக் பேல்.’
‘ஐ ஃபீல் டிஸ்ஸி. இட்ஸ் ஸோ ஹாட்.’
‘வொய் டோன்ட் யூ சிட் டவுன் ஹியர், இன் த ஷேட்? ஹேவ் யூ ஹேட் எனிதிங் டு டிரிங்க்?’
‘நாட் சின்ஸ் திஸ் மார்னிங்.’
‘ஹியர், ஹேவ் சம் வாட்டர். டிரிங்க் இட் ஸ்லோலி. ஆர் யூ அலோன்?’
‘மை ஹஸ்பண்ட் இஸ் அப் தேர்.’
‘டோன்ட் வொர்ரி. இஃப் யூ டோன்ட் ஃபீல் பெட்டர் ஸூன், யூ ஷுட் ஸீ த ஃபர்ஸ்ட் எய்ட் டீம். ஐ கேன் டேக் யூ தேர்.’

‘சிட் டவுன்’ இங்கே மிரட்டலாக இல்லாததற்கு முன்னால் நிற்கும் ‘வொய் டோன்ட் யூ’தான் காரணம். ‘டிரிங்க் இட் ஸ்லோலி’ நேரடிக் கட்டளை. ஆனாலும் கையில் தண்ணீரோடு சொல்வதால் தப்பில்லை. ‘ஐ கேன் டேக் யூ தேர்’ என்ற கடைசி வரியைப் பாடநூல் எதிலும் பார்க்க மாட்டீர்கள். நம் பந்தலில் அது இல்லாமல் ஆலோசனை பாதிதான்.

அதே ஆள் குழப்பமாகப் பேசினாலோ விழுந்துவிட்டாலோ ஆலோசனையை நிறுத்திவிட வேண்டும். ‘ஷீ ஹேஸ் ஃபெய்ன்ட்டட், ப்ளீஸ் ஹெல்ப்’ என்று முதலுதவிக் குழுவைக் கூப்பிடும் குரல் எவ்வளவு உரக்க வரும் என்பதையும் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். வெட்கப்படும் பிள்ளைகளுக்கு இது கடினம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கத்த விட்டால் வந்துவிடும்.

ஒன்றரை மணி நேர வகுப்பில் இது முழுவதும் அடங்காது. முதல் வாரம் வலிச்சொற்களும் ‘வேண்டும்’ விளையாட்டும். இரண்டாம் வாரம் கிளினிக், அதற்கே முழு நேரமும் வேண்டும். பந்தல் பயிற்சியைத் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வைத்துக்கொண்டால் சூடு ஆறாது. இடையில் வீட்டுப்பாடமாக, வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மருந்துப் பைகளில் ஒன்றின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியம். தமிழ் வாக்கியத்தை வீட்டில் அந்தப் பெரியவரிடமே படித்துக் காட்டி, அவர் இத்தனை நாளாக அப்படித்தான் சாப்பிடுகிறாரா என்று கேட்டுவர வேண்டும். மாறாக இருந்தால் மாணவர் தாமே திருத்த வேண்டாம்; வீட்டில் மற்ற பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, அந்தப் பையை அடுத்த கிளினிக் நாளுக்குக் கையோடு கொண்டுபோகட்டும்.